வேன் பயணத்துக்கு எந்தப் பவர் ஸ்டேஷன்? டெல்டா 2, ஏசி180, ஜாக்கரி 1000 வி2

ஆஸ்திரேலியாவில் ஒரு டொயோட்டா ஹைஏஸ் வேனில் படுக்கையும் சின்ன ஃப்ரிட்ஜும் போட்டுக் கிளம்புகிறவர் பவர் ஸ்டேஷன், அதாவது பிளக் வைத்த, தூக்கிப் போகக்கூடிய பெரிய பேட்டரிப் பெட்டி, வாங்கக் கடைக்குப் போனால், ஒரே அளவில் இந்த மூன்றும் எதிரில் நிற்கும்: எக்கோஃப்ளோ டெல்டா 2, ப்ளூட்டி ஏசி180, ஜாக்கரி எக்ஸ்ப்ளோரர் 1000 வி2. கொள்ளளவு வரிசையாக 1024, 1152, 1070 வாட்-மணி. நம் கரண்ட் பில் கணக்கில் சொன்னால் மூன்றிலும் ஒரு யூனிட்டும் கொஞ்சமும்தான். மூன்றிலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரிதான்.

ஆயுள் கணக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஜாக்கரி 4000 சுழற்சி (ஒருமுறை முழுசாக ஏற்றி இறக்குவது ஒரு சுழற்சி) என்கிறது, டெல்டா 2 வெறும் 3000. ஆனால் ஜாக்கரி எண்ணுவது கொள்ளளவு 70 சதவீதமாகக் குறையும்வரை; எக்கோஃப்ளோ 80 சதவீதத்தோடு எண்ணுவதை நிறுத்திவிடுகிறது. அளவுகோலே வேறு. அதுவும் போக, தினமும் ஒரு சுழற்சி ஓட்டினாலும் 3000 என்பது எட்டு வருடம்.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? நாற்பது லிட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் கோடையில் 500 வாட்-மணி வரை தின்னும். அதை 12 வோல்ட் சாக்கெட்டில் செருகுங்கள். 230 வோல்ட் பக்கம் போனால் இன்வெர்ட்டர் சும்மா ஓடுவதற்கே தனியாகக் கொஞ்சம் போய்விடும். விளக்கு, போன், லேப்டாப்புக்கு இன்னொரு 200. மின்சாரக் குக்கரில் சோறு வைத்தால் 250, 300 காலி. ஆகவே அடுப்புக்கு கேஸ்தான் புத்திசாலித்தனம். அடம்பிடித்து இண்டக்‌ஷன்தான் வேண்டும் என்றால் ஜாக்கரியின் 1500 வாட் இடிக்கும். மற்ற இரண்டும் 1800 வாட் தாங்கும். அங்கே கடையில் விற்கும் 2200 வாட் கெட்டிலை மூன்றுமே அதன் முழு வேகத்தில் ஓட்டாது.

ஆக, மூன்றுமே ஒன்றரை நாளில் காலி. எது பெரியது என்பதைவிட, எதை ஓட்டிக்கொண்டே நிரப்பலாம் என்பதுதான் கேள்வி. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது சுவர் பிளக்கில் ஏற்றும் வேகத்தை. டெல்டா 2 ஐம்பது நிமிடத்தில் 80 சதவீதம், ஜாக்கரி அவசர முறையில் ஒரு மணி நேரத்தில் முழுசு, ப்ளூட்டியும் சளைத்ததில்லை. ஆனால் மின் இணைப்புள்ள கேரவன் பார்க்கில் (வண்டியை நிறுத்தி அதிலேயே தங்கும் இடம்) தங்குகிறவருக்கு இரவு முழுக்க நேரம் இருக்கிறது. இந்த வேகம் எதற்கு?

வேனின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் மூன்றுக்கும் கிடைப்பது சுமார் 100 வாட். சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு ஹியூம் நெடுஞ்சாலையில் ஒன்பது மணி நேரம் ஓட்டினாலும் 900 வாட்-மணிதான் உள்ளே போகும், அதிலும் ஃப்ரிட்ஜ் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கிரேட் ஓஷன் ரோடு மாதிரி ஓட்டுவது குறைவு, நிற்பது அதிகம் என்றால் அதுவும் இல்லை.

இன்ஜின் சுழற்றிக் கரண்ட் எடுக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்தே, தனிக் கம்பி இழுத்து நேராக வாங்கித் தரும் சார்ஜர் இதை அப்படியே மாற்றிவிடும். எக்கோஃப்ளோவுடையது 800 வாட், ப்ளூட்டியின் சார்ஜர் 1 எனப்படுவது 560 வாட். முன்னதில் ஒன்றரை மணி நேரம், பின்னதில் இரண்டேகால் மணி நேரம் ஓட்டினால் பெட்டி கிட்டத்தட்ட நிரம்பும். எக்கோஃப்ளோ கூடுதல் பேட்டரிக்கான துளையில் செருகும், அதனால் சோலார் துளை காலியாகவே இருக்கும். ப்ளூட்டியின் சார்ஜர் சோலார் துளையையே பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பதிலாக மற்ற கம்பெனிப் பெட்டிகளோடும் சேரும். வண்டி பேட்டரி இறங்கிப்போனால் எக்கோஃப்ளோ சார்ஜர் திருப்பி அதற்கும் ஏற்றும். ஆளில்லாத சாலையில் இது சின்ன விஷயம் இல்லை.

சோலாரைப் பற்றி ஒரு வார்த்தை: மூன்றுக்கும் உச்சவரம்பு 60 வோல்ட். வீட்டுக் கூரைப் பேனல் இரண்டைத் தொடராக இணைத்தால் அதைத் தாண்டிவிடும். மெல்போர்ன் குளிர்காலத்தில் கோடையில் கிடைப்பதில் பாதிகூடக் கிடைக்காது.

தினமும் ஊர் மாறுகிற ஆளுக்கு டெல்டா 2-ம் அதன் 800 வாட் சார்ஜரும் என்பேன். வேனிலிருந்து இறக்கிக் கூடாரத்துக்குத் தூக்கிப் போகிறவருக்கு 10.8 கிலோ ஜாக்கரி. ப்ளூட்டி 16 கிலோ, முதுகு பிடித்துக்கொள்ளும். ஒரே இடத்தில் நாலு நாள் உட்காருகிறவருக்கு மட்டும் ப்ளூட்டியின் கூடுதல் நூறு வாட்-மணி பயன்படலாம். சொந்த வேன், வயரிங் செய்யத் தயார் என்றால் இந்தப் பெட்டிகளே வேண்டாம். 12 வோல்ட் (சரியாகச் சொன்னால் 12.8) 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றும், ஆல்டர்னேட்டரிலிருந்து அதற்கு ஏற்றும் 40 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்றும் போட்டால் 1280 வாட்-மணி, ஓட்டும்போது 500 வாட். கழற்றி எடுத்துப் போக முடியாது, அவ்வளவுதான். வாடகை வேனில் கம்பியில் கை வைக்க விடமாட்டார்கள். எந்தப் பெட்டி வாங்கினாலும் லைட்டர் சாக்கெட்டுதான், இரண்டு நாளுக்கு ஒருமுறை கேரவன் பார்க்.

அப்புறம், பயணம் முடிந்து பெட்டியை விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பயணிகள் விமானத்தில் ஒரு உதிரி லித்தியம் பேட்டரிக்கு அனுமதியோடு 160 வாட்-மணிதான் உச்சம். அங்கேயே விற்றுவிட வேண்டியதுதான்.