‘கை படாத’ 1914 கலிஃபோர்னியா நம்பர் பிளேட்: வாங்கும் முன் படியுங்கள்

பழைய கலிஃபோர்னியா நம்பர் பிளேட் சேகரிக்கிற நம்மவர்கள் சிலராவது இதைப் படிப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். 1914 முதல் 1919 வரையிலான எனாமல் தட்டுகளில் சிதைந்த இடங்களை அடைத்து, பெயின்ட் அடித்து, ‘ஒரிஜினல், கை படாதது’ என்று விற்கிறார்கள். போன மாதம் 340 டாலர் கொடுத்து நான் வாங்கிய 1914 தட்டு அப்படிப்பட்டதுதான்.

இந்த மாநிலத்தில் வண்டிகளைப் பதிவு செய்வது 1905லேயே வந்துவிட்டது. ஆனால் அரசாங்கம் எண்ணை மட்டும்தான் கொடுத்தது. தட்டை உரிமையாளரே தோலிலோ மரத்திலோ தகரத்திலோ செய்து மாட்டிக்கொள்ள வேண்டும். அரசே தட்டு கொடுக்க ஆரம்பித்தது 1914ல். சிவப்பில் வெள்ளை எழுத்து, இரும்பின் மேல் சுட்ட எனாமல். அடுத்த வருடம் மஞ்சளில் கறுப்பு. 1916ல் வந்த வெள்ளை, நீலத் தட்டை நான்கு வருடம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வருடமும் ஒரு சின்ன உலோகத் துண்டு (டேப்) மாட்டினார்கள்: முதலில் கரடி, பிறகு பாப்பிப் பூ, மணி, நட்சத்திரம். ஒரே மாநிலத்தின் தட்டுகளை மட்டும் சேர்க்கிறவனுக்கு இந்த 1914 சிவப்புதான் வரிசையின் தொடக்கம். அதனால்தான் ஏமாற்றுகிறவர்களுக்கும் அதன் மேல் கண்.

விற்பனை விளம்பரத்தில் நான்கு படங்கள் இருந்தன. நான்குமே நேராக முன்னால் இருந்து எடுத்தவை. பின்பக்கம் படம் கேட்டேன், மங்கலாக ஒன்று வந்தது. போனில் பேசியபோது நேரடியாகவே கேட்டேன்: “எங்காவது டச்-அப் செய்திருக்கிறீர்களா? ஓட்டைகளைச் சுற்றி எதையாவது அடைத்திருக்கிறீர்களா?” “இல்லவே இல்லை, தாத்தாவின் பண்ணைக் கொட்டகையில் தொங்கியது, துணியால் துடைத்ததோடு சரி” என்றார். அப்புறம் பணத்தை பேபாலில் நண்பர்களுக்கு அனுப்பும் வழியில்தான் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். அந்த வழியில் பணம் போனால் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது. பொருள் சொன்னபடி இல்லை என்று புகார் கொடுத்தாலும் பணம் திரும்பாது. அவர் அதைக் கேட்டது ஏன் என்று பார்சலைப் பிரித்ததும் விளங்கியது.

எனாமல் என்றால் இரும்பின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி. நம் வீடுகளில் இருந்த பழைய எனாமல் குவளையை நினைத்துக்கொள்ளுங்கள்: கீழே விழுந்தால் சில்லு தெறிக்கும், தெறித்த இடத்தில் கறுப்பாக இரும்பு தெரியும், ஓரம் கூர்மையாக இருக்கும். நூறு வருடத்துக்கு மேலான தட்டில், அதுவும் போல்ட் முடுக்கிய ஓட்டைகளைச் சுற்றி, இப்படிச் சில்லுகள் இருப்பதுதான் இயல்பு. என் கைக்கு வந்த தட்டில் ஒரு சில்லுகூட இல்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். பளபளப்பு ஒரே சீராக ஓடி, இடது மேல் ஓட்டையைச் சுற்றி மட்டும் மங்கியது. கடைசி எண்ணின் கீழ்ப்பாதியிலும் அப்படித்தான். நகத்தால் அழுத்தினால் மற்ற இடமெல்லாம் கல் மாதிரி இருந்தது, அங்கே மட்டும் லேசாக அமுங்கியது.

புற ஊதா டார்ச் அடித்ததில் அந்த இரண்டு இடமும் தனித் திட்டாகத் தெரிந்தன. (எல்லாப் பெயின்டும் இப்படிக் காட்டிக்கொடுக்காது. திட்டு தெரியவில்லை என்பதற்காகத் தட்டு சுத்தம் என்று முடிவு கட்ட வேண்டாம்.) பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சியில் அசிட்டோன் தொட்டு ஓட்டையின் ஓரத்தில் மெதுவாகத் தேய்த்தேன். பஞ்சு சிவந்தது. சுட்ட எனாமலை அசிட்டோன் ஒன்றும் செய்யாது. பெயின்ட்தான் கரையும். சிவப்பு போனதும் சாம்பல் நிறத்தில் அடைப்பு, அதற்கும் கீழே துரு. கடைசி எண்ணைத் துடைத்துப் பார்த்தால் 3ன் கீழ் வளைவே மறைந்துவிட்டது. அந்த எண் 3ஆ, 2ஆ என்று இப்போது எனக்கே தெரியவில்லை. எனக்கு அதிகம் வலித்தது இதுதான். பதிவு எண்ணையே ஊகித்து வரைந்திருக்கிறார்கள்.

இந்தச் சோதனையை எனாமல் தட்டில் மட்டும் செய்யுங்கள். 1920 முதல் வந்தவை எழுத்துகளை அழுத்திப் புடைக்கச் செய்த உலோகத்தில் பெயின்ட் பூசியவை. அவற்றில் அசிட்டோன் பட்டால் அசல் பெயின்டே போய்விடும்.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். “அசிட்டோன் போட்டுத் தட்டைக் கெடுத்தது நீங்கள், திரும்ப எடுக்க முடியாது” என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு பதிலே இல்லை.

ரிப்பேர் செய்வதையே நான் குறை சொல்லவில்லை. சிதைந்த தட்டை அழகாகச் சரிசெய்து, ‘இது ரெஸ்டோர் செய்தது’ என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்கிற நல்லவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நானே வாங்கியிருக்கிறேன். 1916 தட்டுக்குப் புதிதாகச் செய்த கரடி டேப்பும் அப்படித்தான், புதியது என்று சொன்னால் தவறில்லை. மறைப்பதுதான் திருட்டு.

பழைய மஸ்டாங் மாதிரி வண்டி வைத்திருந்து, அந்தக் காலத்துக் கறுப்புத் தட்டு மாட்ட ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வண்டி தயாரான வருடத்தின் அசல் தட்டை மாட்டிக்கொள்ள இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் ‘டி.எம்.வி. கிளியர்’ (மாநில வாகனப் பதிவுத் துறையில் இந்த எண்ணுக்குச் சிக்கல் இல்லை) என்று போட்டு விலையை ஏற்றுகிறார்கள். அந்த வார்த்தையை அப்படியே நம்பாதீர்கள். எண்ணை வாங்கி, நீங்களே டி.எம்.வி.யில் விசாரித்த பிறகு பணம் கொடுங்கள். வேறு வண்டியின் பேரில் அந்த எண் இருந்தால் தட்டு சுவரில் மாட்டத்தான் உதவும். கார்களுக்கான கறுப்புத் தட்டு 1963ல் வந்தபோது மூன்று எழுத்து, மூன்று எண் என ஆறுதான். ஏழு என்பது 1980ல்தான் வந்தது. 2015 முதல் டி.எம்.வி.யே அதே கறுப்பு, மஞ்சள் நிறத்தில் புதுத் தட்டுகள் கொடுக்கிறது. அவற்றைப் பழையது என்று யாராவது நீட்டினால் எழுத்தையும் எண்ணையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள், ஏழு இருந்தால் புதியது.

சமீபத்தில் எனாமல் தட்டு வாங்கியவர்கள் இன்றைக்கே அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், முக்கியமாக ஓட்டைகளைச் சுற்றி. பாதுகாப்புள்ள வழியில் பணம் கட்டியிருந்தால் புகார் கொடுக்க இன்னும் நாள் மிச்சம் இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் முன்பக்கம், பின்பக்கம், ஓட்டைகள் என்று கிட்டத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். என் தட்டின் படங்களோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.