ஃபார்மட் போடுவதா, ஒரு வரியை அழிப்பதா?

கோட்டாறு சவேரியார் திருவிழா நெருங்கும் நவம்பரில் திங்கள்நகரில் உள்ள என் டிடிபி கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் கணினியைத் திறந்ததும் திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கத் தொடங்கியது. தலைப்பில் ‘ரன்டிஎல்எல்’ என்று இருந்தது. கீழே, ஆப்டேட்டா கோப்புறைக்குள் கிடக்கும் ஏதோ ஒரு டிஎல்எல் கோப்பை (மென்பொருள்கள் பயன்படுத்தும் நிரல் கோப்பு) தொடங்க முடியவில்லை, அந்தக் கோப்பையே காணவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு புகார். கோப்பின் பெயரோ, குழந்தை விசைப்பலகையில் கைவைத்தது போலத் தாறுமாறான எழுத்துகள். ‘ஓகே’ அழுத்தினால் பெட்டி போய்விடும். மறுநாள் காலை திரும்ப வரும்.

காரணம் தெரிந்ததுதான். கடையில் வேலை பார்க்கும் தம்பி, பிடிஎஃப்பை வேர்டாக மாற்ற ஓர் இலவச மென்பொருளை இறக்கி, ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று படிக்காமலே அழுத்திக்கொண்டு போயிருக்கிறான். கூடவே, விளம்பரங்களைத் திணிக்கும் ஆட்வேர் ஒன்றும் ஏறிக்கொண்டது. இரண்டு நாள் பிரவுசர் முழுக்க விளம்பரம். பிறகு விண்டோஸோடு வரும் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டர் அதைப் பிடித்து அழித்தது. பெட்டி வரத் தொடங்கியது அழித்த பிறகுதான், அதற்கு முன்பு அல்ல.

பலர் கோட்டைவிடும் இடம் இது. பள்ளிக்கூடத்தை விட்டுப் போன பையனின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தால், ஆசிரியர் தினமும் கூப்பிடத்தான் செய்வார். விண்டோஸ் செய்வதும் அதே. ஆட்வேரின் கோப்பு போய்விட்டது. தொடக்கத்தில் அதை ஓட்டச் சொல்லும் வரி மட்டும் விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியிலோ, குறித்த வேளையில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரிலோ தங்கிவிட்டது. ஆக, பெட்டி வருவது பெரும்பாலும் ஆட்வேர் செத்ததற்கு அடையாளம்.

நாகர்கோவிலில் நான் வழக்கமாகக் கணினி கொடுக்கும் கடையில் கேட்டேன். “மக்களே, ஃபார்மட் போடாமல் இது போகாது. அறுநூறு ரூபாய், நாளைக்கு வாங்கிக்கொள்” என்றார் அண்ணாச்சி. அவர் சொன்னதில் பொய் இல்லை. வட்டைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றும் ஃபார்மட்டைப் போட்டால் போகும். படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் மட்டும் வைத்திருக்கும் வீட்டுக் கணினி என்றால் கொடுத்துவிடலாம். என் கணினியில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் இருக்கிறது, பாமினி, வானவில் எழுத்துருக்கள் இருக்கின்றன, பழைய லேசர் பிரிண்டரின் டிரைவர் இருக்கிறது. அந்த டிரைவரின் சிடி எங்கே என்று கடவுளுக்குத்தான் தெரியும். இவற்றைத் திரும்ப ஏற்றி முடிக்க இரண்டு நாள் ஆகும்.

‘என் கோப்புகளை வைத்துக்கொள்’ என்று சொல்லும் விண்டோஸின் ரீசெட் வசதி நல்ல நடுவழி போலத் தெரியும். அது காப்பாற்றுவது ஆவணங்களையும் படங்களையும்தான். நாம் ஏற்றிய மென்பொருள்கள் போய்விடும். இணையத்திலிருந்து இறக்கி ரீசெட் செய்தால் சுமார் 4 ஜிபி டேட்டா வேறு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கொட்டும் இந்த மாவட்டத்தில், யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் ரீசெட்டைத் தொடங்கிவிட்டு இடையில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்றும் யோசிக்க வேண்டும். சிஸ்டம் ரீஸ்டோரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பல கணினிகளில் அது அணைத்தே கிடக்கிறது. இருந்தாலும், பழைய நாளுக்குத் திரும்பும்போது ஆட்வேரையும் சேர்த்து எழுப்பிவிடும் வாய்ப்பு உண்டு.

எல்லாவற்றிலும் மோசமான யோசனை, காணாமல் போன அந்த டிஎல்எல்லை இணையத்தில் தேடி இறக்கி வைப்பது. திருடன் போய்விட்டானே என்று வருந்தி அவனைத் தேடிப்பிடித்துக் கூட்டிவருவதற்கு ஒப்பு அது.

மிஞ்சுவது மூன்று வழிகள். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கம் கையருகே இருக்கிறது. எதையும் இறக்க வேண்டாம். ஆனால் அது தொடக்க வரிகளில் ஒரு பகுதியைத்தான் காட்டும், டாஸ்க் ஷெட்யூலரில் ஒளிந்திருப்பதைக் காட்டாது. வரியை முடக்கும், அழிக்காது.

அட்வ்கிளீனர் இலவசம், நிறுவத் தேவையில்லை. 2016இல் மால்வேர்பைட்ஸ் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அதை வாங்கியது. தெரிந்த ஆட்வேர்களின் மிச்சங்களை, பிரவுசரில் இருப்பதையும் சேர்த்து, தேடித் தனிமைப்படுத்தும். என் கணினியில் பிரவுசரின் தேடுபக்கத்தை மாற்றிவைத்திருந்த நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) பிடித்தது. பெட்டியை மட்டும் தொடவில்லை. தாறுமாறான பெயருள்ள அந்த வரி அதன் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

அது தப்பாதது ஆட்டோரன்ஸில். கணினி தொடங்கும்போது தானாக ஓடுபவற்றைப் பட்டியலிடும் கருவி இது; சிஸ்இன்டர்னல்ஸ் என்ற விண்டோஸ் கருவித் தொகுப்பில் ஒன்று. 2006 முதல் மைக்ரோசாஃப்டின் கையில் இருக்கிறது, அந்த நிறுவனத்தின் தளத்திலேயே கிடைக்கும். வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். திறந்ததும் நூற்றுக்கணக்கான வரிகள் சரசரவென்று ஓடும். முதல்முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். மஞ்சள் நிறத்தில் இருப்பவை, கோப்பு காணாமல் போனவை. இளஞ்சிவப்பு, வெளியீட்டாளர் யார் என்று உறுதிப்படாதவை. மஞ்சள் எல்லாம் ஆட்வேர் அல்ல; என் பட்டியலில் எப்போதோ தூக்கிப்போட்ட ஸ்கேனரின் வரியும் மஞ்சளாக நின்றது. பெட்டியில் வந்த அதே பெயரை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தேன். டாஸ்க் ஷெட்யூலர் பகுதியில், நான் உள்நுழையும் ஒவ்வொரு முறையும் ஓடும்படி எழுதப்பட்டு உட்கார்ந்திருந்தது. முதலில் டிக்கை மட்டும் எடுத்து, கணினியை மறுபடி தொடங்கினேன். பெட்டி வரவில்லை. அதன் பிறகே வரியை அழித்தேன். எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம்.

வரிசை மட்டும் முக்கியம்: முதலில் அட்வ்கிளீனர், அடுத்து ஆட்டோரன்ஸ். ஆட்வேர் உயிரோடு இருக்கும்போது வரியை அழித்தால் அது மறுபடி எழுதிக்கொள்ளும். அப்படி அழிக்க அழிக்க வேறு வேறு பெயரில் முளைத்தால், அல்லது அந்த நாட்களில் அதே கணினியில் வங்கிக் கடவுச்சொல் அடித்திருந்தால், நானும் ஃபார்மட் பக்கம்தான். கடவுச்சொல்லை வேறு கருவியிலிருந்து அன்றே மாற்றிவிடவும் வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், 11ஐத் தாங்கக்கூடிய கணினியை எப்படியும் 11க்கு மாற்ற நினைப்பவர் இதையே சாக்காக வைத்துப் புதிதாக ஏற்றிக்கொள்வதிலும் தவறில்லை.

மறுநாள் அண்ணாச்சி போனில் கூப்பிட்டார். “என்ன மக்களே, கொண்டு வரவில்லையா?” சரியாகிவிட்டது என்று சொல்லி, செய்ததை விவரித்தேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அந்த மென்பொருளின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார்.