காலிடோஸ்கோப்பா, சன் குளோவா?

இருநிற இலையுள்ள சக்யூலென்ட் (சதைப்பற்றான இலையில் நீர் சேர்த்து வைக்கும் செடி) ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது என்றால், நான் மாங்கேவ் 'காலிடோஸ்கோப்'பைத்தான் வைப்பேன். அகேவ் 'சன் குளோ'வும் லேசுப்பட்டதல்ல. இரண்டும் கலப்பினச் செடிகள்.

மான்ஃப்ரெடா, அகேவ் என்ற இரண்டு நெருங்கிய செடியினங்கள் சேர்ந்து பிறந்தது மாங்கேவ். இலைப் புள்ளிகளும் மென்மையும் மான்ஃப்ரெடா கொடுத்த சீதனம். காலிடோஸ்கோப்பின் இலையைக் கிட்டத்தில் பாருங்கள்: நடுவில் பச்சை, அதன்மேல் மை தெறித்தது போலச் செம்புள்ளிகள், ஓரத்தில் வெண்மஞ்சள் பட்டை. நல்ல வெயில் பட்டால் பட்டையில் இளஞ்சிவப்பு ஏறும். நிழலில் விட்டால் புள்ளி மங்கி, இலை நீண்டு தொங்கிப்போகும்.

சன் குளோ, அட்டெனுவாட்டா, ஒகாஹூயி என்ற இரண்டு அகேவ் வகைகள் கலந்த 'புளூ குளோ'விலிருந்து வந்த இருநிற வடிவம். இலை ஒல்லி, விறைப்பு, நுனியில் ஒரு முள். மாலை வெயில் பின்னாலிருந்து விழும்போது விளிம்பில் ஓடும் மெல்லிய செங்கோடு பற்றிக்கொண்டது போல ஒளிரும். அந்த அழகு காலிடோஸ்கோப்பிடம் இல்லை. உறுதியிலும் சன் குளோதான் மேல். மாங்கேவ் இலை சட்டென்று முறியும். தொட்டியை இடம் மாற்றும்போது எனக்கு இரண்டு இலை போயிற்று. புது இலை வந்து மறைக்கும்வரை அந்த வெட்டு கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. நடைபாதை ஓரத்தில் மாங்கேவை வைக்காதீர்கள்.

இன்னொரு இருநிற சக்யூலென்டான ஏயோனியம் 'சன்பர்ஸ்ட்'டையும் பலர் கேட்பார்கள். கிளை வெட்டி நட்டாலே வேர்விடும், சரி. ஆனால் கோடையில் உறங்கும் செடி. சூடும் ஈரமும் சேர்ந்தால் அழுகும். வெப்பமான இடத்துக்கு வேண்டாம்.

அப்புறம், கன்று. பச்சையம் இல்லாத செல்களும் பச்சைச் செல்களும் ஒரே இலையில் அடுக்காகச் சேர்ந்திருப்பதால்தான் இந்த இருநிறம். விதையை நம்பினால் அது அப்படியே வராது, பக்கக்கன்றுதான் வழி. அதிலும் முழுப்பச்சையாக ஒன்று முளைத்தால் உடனே எடுத்துவிடுங்கள், வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். முழுவெள்ளைக் கன்றைப் பிரித்து நட்டால் பிழைக்காது.

சன் குளோ கன்று விடுவதே அபூர்வம். அகேவ் ஒருமுறை பூத்தால் அந்தச் செடி முடிந்தது. கன்றும் இல்லையென்றால் தொட்டி காலிதான். காலிடோஸ்கோப்பிலும் பூத்த செடி வாடும், ஆனால் பெரும்பாலும் அடியில் குட்டிகளை விட்டுவிட்டுத்தான் போகும்.