திருச்சபையும் அரசும்: சபைத் தலைவர்களுக்கான மூன்று நாள் பயிற்சி, ஒரு மதிப்புரை

எங்கள் சேகரக் கமிட்டிக்கு (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகளை நிர்வகிக்கும் குழு) இந்த முறை புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு பேரை, தென் மாவட்டம் ஒன்றில் இயங்கும் பயிற்சி மையத்தின் "திருச்சபையும் அரசும்" முகாமுக்கு அனுப்பி வைத்தார்கள். அந்த நால்வரில் நானும் ஒருவன். தங்குமிடம், உணவு, பாடக்குறிப்பு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,500 ரூபாய். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் மையத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

முதல் நாள் வேதபாடத்தை நடத்தியவர் இறையியல் கல்லூரியில் கற்பித்து ஓய்வு பெற்ற ஓர் ஐயர், அதாவது சபைக் குரு. அதிகாரங்கள் தேவனால் நியமிக்கப்பட்டவை என்று சொல்லும் ரோமர் 13ஆம் அதிகாரத்தையும், அதே ரோம அரசைக் கடலிலிருந்து எழும்பும் மிருகமாகக் காட்டும் வெளிப்படுத்தல் 13ஆம் அதிகாரத்தையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, விளக்கம் ஏதும் தராமல், டென்மார்க்காரர்களின் கோட்டை இருந்த தரங்கம்பாடியின் வரலாற்றுக்குப் பேச்சைத் திருப்பினார். டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக்கால் அனுப்பப்பட்டு 1706இல் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கை, அதே மன்னரின் கோட்டைத் தளபதி 1708இன் இறுதியில் பிடித்து ஏறத்தாழ நான்கு மாதம் டேன்ஸ்பர்க் கோட்டையில் அடைத்து வைத்தார். மன்னரின் ஆதரவு மிஷனரியைச் சிறையிலிருந்து காப்பாற்றவில்லை. பின்னால் வந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் கதை இதற்கு நேர்மாறானது. 1779இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக ஐதர் அலியிடம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய்வந்தவர் அவர். அவர் அங்கே போனது குருவாகவா, அரசாங்கத்தின் ஆளாகவா என்ற வாக்குவாதம் தேநீர் ஆறிப்போகும் வரை நீண்டது. கொடுத்த பணத்துக்கு இந்த ஒரு வகுப்பே போதும் என்று அப்போது தோன்றியது.

இரண்டாம் நாள் அரசமைப்புச் சட்டம். 25ஆவது பிரிவில் மதத்தைப் "பரப்பும்" உரிமை இடம்பெற்ற கதையையும், ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று தீர்ப்பளித்ததையும் ஒரு வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார். சேலத்துக்காரரான கே.டி. பால் முதல் வட்டமேசை மாநாட்டில் கிறிஸ்தவர்கள் மட்டுமே வாக்களிக்கும் தனித்தொகுதி வேண்டாம் என்று வாதிட்டதையும், அரசமைப்பு அவையில் லயோலா கல்லூரி முதல்வர் ஜெரோம் டிசூசா பங்கு பெற்றதையும் அவர் சொன்னபோது, எங்களில் பலர் முதன்முறையாகக் கேட்பதுபோல் குறிப்பெடுத்துக்கொண்டோம்.

அப்போது கடைசி வரிசையில் இருந்த வயதான உபதேசியார் (குருவுக்கு உதவியாகச் சபையை நடத்துபவர்) ஒருவர் எழுந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த தம்முடைய சாதிச் சான்றிதழை எடுத்து, மடிப்பு கிழியாமல் மேசையில் விரித்தார். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர், பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று அதில் இருந்தது. "எங்க அண்ணன் சர்டிபிகேட்ல எஸ்.சி.ன்னு இருக்கு. ஒரே வீடு, ஒரே அம்மா. இதுக்கு என்ன பதில் வக்கீல் சார்?" என்று கேட்டார். வழக்கறிஞர், பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்த 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையையும், 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டதையும், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே நிற்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். உபதேசியார் தலையாட்டிக்கொண்டே சான்றிதழைப் பழையபடி மடித்து வைத்துக்கொண்டார். மூன்று நாளில் அரசு என்பது என்னவென்று எனக்கு உறைத்தது அந்த மேசையருகேதான்.

அன்று பிற்பகல் நடந்த நடிப்புப் பயிற்சியும் நன்றாகவே இருந்தது. தேர்தல் நேரம், ஞாயிறு ஆராதனையின் நடுவே வேட்பாளர் ஒருவர் ஆதரவாளர்களோடு உள்ளே வந்து இரண்டு நிமிடம் பேச அனுமதி கேட்கிறார், சேகர குரு என்ன செய்வார்? மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி முறைகேடு என்பதும், வழிபாட்டு இடத்தை அரசியல் நோக்கத்துக்குப் பயன்படுத்தினால் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஆலயத்தை நிர்வகிப்பவர் பதில் சொல்ல வேண்டும் என்பதும் எங்கள் குழுவில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. குருவாக நடித்தவர், "ஆராதனை முடியட்டும் அண்ணாச்சி, வெளிய கேட் பக்கத்துல நின்னு எல்லாரையும் கும்பிட்டுக்கிடுங்க" என்று சொல்லிச் சமாளித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைப் பற்றிய வகுப்பு அவ்வளவு தேறவில்லை. 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையின் கணக்குக்கே முதலில் வர வேண்டும், நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற இரண்டு செய்திகளை ஒன்றரை மணி நேரம் இழுத்தார்கள்.

மூன்றாம் நாள்தான் ஏமாற்றம். தலைவர்களை உருவாக்குவது என்ற தலைப்பில், எங்கோ அலுவலக மேலாளர்களுக்காகத் தயாரித்த படங்களைத் திரையில் ஓட்டி, இடையிடையே ஒரு வேத வசனத்தைச் செருகியிருந்தார்கள். சீகன்பால்க் வந்து 27 ஆண்டுகள் கழித்து, 1733இல்தான் தமிழரான ஆரோன் குருப்பட்டம் பெற்றார். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912இல்தான் தோர்ணக்கல்லின் பேராயரானார் (பிஷப்). குருப்பட்டத்துக்கும் பேராயர் பதவிக்கும் நடுவில் அந்த இடைவெளி ஏன் அவ்வளவு நீண்டது, யார் யாரை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தார்கள் என்று பேசியிருந்தாலே பாதி நாள் பயனுள்ளதாகக் கழிந்திருக்கும். வந்திருந்த 40 பேரில் பெண்கள் ஐந்து பேர். மேடையில் ஒருவர்கூட இல்லை. தென்னிந்தியத் திருச்சபையில் 2013இலேயே புஷ்ப லலிதா நந்தியாலின் பேராயராகிவிட்டார் என்பதை அமைப்பாளர்களுக்கு யாராவது நினைவூட்ட வேண்டும்.

கேள்வி நேரத்தில் நான் ஒன்று கேட்டேன். அரசு திருச்சபைக்குள் தலையிடுவதைப் பற்றி மூன்று நாள் பேசினோம்; ஆனால் திருமண்டலத் (பேராயரின் ஆளுகைக்குட்பட்ட பகுதி) தேர்தல், சொத்து, நியமனம் என்று நாமே அல்லவா மனுப் போட்டு நீதிமன்றத்தை உள்ளே அழைத்து வருகிறோம், சகோதரனோடு சகோதரன் வழக்காடுவதைக் கடிந்துகொள்ளும் 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்துக்குக் கால அட்டவணையில் ஏன் இடமில்லை என்பது அந்தக் கேள்வி. "அது வேற சப்ஜெக்ட் பிரதர்" என்று சொல்லி, ஜெபத்தோடு வகுப்பை முடித்துவிட்டார்கள். வெளியிலிருந்து வரும் அதிகாரத்தை இவ்வளவு துணிவாக அலசியவர்கள், நம் கையில் இருக்கும் அதிகாரத்தின் பக்கம் திரும்பியவுடன் தயங்கியது எனக்கு வருத்தமே.

உணவில் குறை இல்லை; மீன் குழம்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அறைகள் சுத்தம். பாடக்குறிப்பில் எழுத்துப்பிழைகள் அதிகம், சட்டப் பிரிவு எண்களே இரண்டு இடங்களில் மாறியிருந்தன. ஆகவே அதை ஆதாரமாக வைத்து யாரும் மனு எழுத வேண்டாம். செயலாளர், பொருளாளர் பொறுப்பில் இருப்பவர்களை முதல் இரண்டு நாளுக்குத் தாராளமாக அனுப்பலாம். கடைசியில் தந்த கருத்துப் படிவத்தில் இடம் போதாததால், என் கேள்வியைப் பின்பக்கத்தில் முழுமையாக எழுதி, கைபேசி எண்ணையும் குறித்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் ஆகிறது; இன்னும் யாரும் அழைக்கவில்லை.