எய்கைவா வகுப்பு: சின்னவனுக்குச் சரி, பெரியவளுக்கு இல்லை

டோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் இருக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன். பிள்ளைகளை ஜப்பானிய அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு ஆங்கிலத்துக்கு மட்டும் எய்கைவா (தனியார் ஆங்கிலப் பேச்சு) வகுப்புக்கு அனுப்பினால் தேறுமா? நாங்கள் அனுப்புவது ரயில் நிலையத்தை ஒட்டி மாடியில் இரண்டே அறைகளில் நடக்கும் சின்ன வகுப்பு, பெயர் வேண்டாம். மகன் மூன்றாம் வகுப்பு, மகள் ஜூனியர் ஹைஸ்கூல் இரண்டாம் ஆண்டு, அதாவது நம்ம கணக்கில் எட்டாம் வகுப்பு.

மகன் வகுப்பில் ஆறு பேர்தான். அதுக்கே காசு கொடுக்கலாம். பள்ளியில் 2020 முதல் ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் மதிப்பெண் போடும் பாடமாகிவிட்டது, மூன்று, நான்கில் பாட்டு, விளையாட்டு என்று வருடத்துக்கு 35 பாடவேளை, அதிலும் முப்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒரு பிள்ளை வாய் திறக்கும் நேரம் எவ்வளவு இருக்கும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்பில் ரோமாஜி வேறு வந்துவிடும். ஜப்பானியத்தை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகிய கையோடு, ஆங்கிலப் புத்தகத்தில் 'டேக்' (take) என்று இருப்பதை 'தகே' என்றுதான் வாசிக்கிறார்கள். இங்கே சென்செய் (ஆசிரியர்) ஒரு அட்டையின் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறார். மடித்தால் 'கிட்' (kit), விரித்துக் கடைசி எழுத்தைக் காட்டினால் 'கைட்' (kite). ஆளுக்கு ஒரு அட்டை, மடிப்பதும் விரிப்பதும் பிள்ளைகள்தான். ஒரு பெண் குழந்தை தலையைக் குனிந்தே இருந்தாள், அவர் அவசரப்படுத்தவும் இல்லை, பக்கத்துப் பிள்ளை பதில் சொல்லிக்கொடுக்க விடவும் இல்லை, பேசாமல் காத்திருந்தார். கடைசியில் சொன்னாள். பெற்றோர் பார்வை நாளில் பின்னால் உட்கார்ந்து நானே பார்த்தது இது.

மகள் வகுப்பு இதற்கு நேர் எதிர். ராத்திரி ஏழரைக்கு ஆரம்பம். பாதிப் பிள்ளைகள் பள்ளி கிளப் பயிற்சி முடிந்து ஜெர்சியோடு அப்படியே வருவார்கள், கண் சொருகும். சென்செய் கேள்வி கேட்டால் யார் முதலில் பேசுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், அவரும் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பதிலைத் தானே சொல்லிவிடுவார். அப்புறம் எய்கென் என்ற ஜப்பானின் ஆங்கிலத் திறன் தேர்வின் பழைய வினாத்தாள், மணி அடிக்கும் வரைக்கும். எனக்கு எய்கென் மேல் கோபம் இல்லை, மூன்றாம் நிலையில் இருந்து நேர்முகப் பேச்சுத் தேர்வும் அதில் உண்டு. ஆனால் இவர்கள் அதைத் தொடுவதே இல்லை. டோக்கியோவில் 2022 முதல் ஜூனியர் ஹைஸ்கூல் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பேச்சுத் தேர்வு நடக்கிறது, டேப்லெட்டில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேச வேண்டும், அந்த மதிப்பெண் அரசு உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையில் சேர்கிறது, மொத்தம் 1020இல் 20. அந்தப் பேச்சுப் பயிற்சிக்காகத்தான் சேர்த்தேன், அதுவோ நடக்கவே இல்லை. போதாக்குறைக்கு, வீட்டில் ஒழுங்காக ஆங்கிலம் பேசும் மகள் அங்கே வேண்டுமென்றே கதகனா உச்சரிப்பில், அதாவது ஆங்கிலச் சொல்லை ஜப்பானிய ஒலியில் இழுத்துப் பேசுகிறாள், தனியாகத் தெரியக் கூடாதாம். இந்த வயசில் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான், வெளிநாட்டில் வளர்ந்து திரும்பிய ஜப்பானியப் பிள்ளைகளும் இதையே செய்கிறார்கள். நாலு பேர் வகுப்பில் அதைக் கவனிக்காத ஆசிரியரை என்ன சொல்வது?

கட்டணம் மாதாமாதம், அது நல்லது. விட்டுப்போன வகுப்புக்கு ஈடாக வேறு நாள் தருவார்கள், ஆனால் அந்த மாதத்துக்குள்ளேயே, அதே நிலை வகுப்பில் இடம் இருந்தால்தான். ஜூனியர் ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு இருப்பதே ஒரு வகுப்பு, அதனால் போனது போனதுதான். வேறு எங்காவது மொத்தமாக முன்பணம் கேட்டால் யோசித்துக் கட்டுங்கள், 2007இல் நோவா என்ற பெரிய எய்கைவா நிறுவனம் திவாலானபோது முன்பணம் கட்டியவர்கள் பட்ட பாடு இங்கே பழைய ஆட்களுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு மேல், 50,000 யென்னுக்கும் மேல் போகும் மொழி வகுப்பு ஒப்பந்தமாக இருந்தால், ஒப்பந்தப் பத்திரம் கைக்கு வந்ததில் இருந்து 8 நாளுக்குள் எழுதிக்கொடுத்து ரத்து செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. அதற்குப் பிறகும் நடுவில் நிறுத்தலாம், பிடித்தம் 50,000 யென் அல்லது மீதித் தொகையில் 20 சதவீதம், எது குறைவோ அது.

மகன் தொடர்கிறான். மகளை மார்ச்சோடு நிறுத்துகிறோம், பேச்சுப் பயிற்சிக்கு ஆன்லைனில் தனி ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரிய பிள்ளைக்காகப் போகிறவர்கள் சாயங்காலம் சின்னப் பிள்ளைகளோடு காட்டும் இலவச மாதிரி வகுப்பைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள், ராத்திரி வகுப்பில் உட்கார விடுங்கள் என்று கேளுங்கள்.