ஹைட்ரோ டிப்பிங் கிட்: கேமோ நிற்கிறது, கைதான் ஒட்டுகிறது

தேவகோட்டை நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அந்தக் கேமோ கிட் விலை இறங்கியிருக்காம்ல, வாங்கலாமா மாப்ள?" அவர் கேட்டது ஹைட்ரோ டிப்பிங் கிட்டை: தண்ணீரில் மிதக்கிற டிசைனில் பொருளை முக்கி, கேமோவை, அதாவது காட்டோடு ஒன்றிப்போகிற இலை டிசைனை, அதன்மேல் ஏற்றுகிற சாமான். வேறு நேரமாக இருந்தால் ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருப்பேன். அப்படிக் கேமோ ஏற்றிய என் கேமரா ட்ரைபாடுக்கு மறுபடி கிளியர் (டிசைனுக்கு மேல் அடிக்கிற நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) அடிக்கக் கொடுத்து, இப்போதுதான் பட்டறையிலிருந்து வாங்கி வந்திருக்கிறேன். செலவான காசின் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுவதுதான் நல்லது. ஆறிவிட்டால் பாராட்ட ஆரம்பித்துவிடுவேன்.

கிட்டில் என்னென்ன வரும், எப்படி முக்குவது என்பதெல்லாம் வீடியோ பார்த்த எல்லோருக்கும் தெரியும். டிசைன் அச்சிட்ட, தண்ணீரில் கரைகிற பி.வி.ஏ. பிலிமைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒரு நிமிடம் ஒன்றரை நிமிடம் ஊறியதும் ஆக்டிவேட்டர் அடித்து, மை இளகின பதத்தில் பொருளைச் சாய்வாக, அவசரப்படாமல் இறக்க வேண்டும். இந்தப் பகுதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இலையும் சுள்ளியுமாக மை ஏறிவந்து அலுமினியத்தைக் கவ்விக்கொள்கிற அந்தச் சில நொடிகள் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்கவில்லை.

என் சண்டை எல்லாம் அதற்கு மேல் அடிக்கிற கிளியர் கோட்டோடு.

ட்ரைபாடில் கை பிடிக்கிற இடம் பிசுபிசுக்கிறது. வெயிலில் வைத்தாலும் பிசுபிசுப்பு, ஈரத்துணியால் துடைத்தாலும் பிசுபிசுப்பு. செம்மண் தூசி அதில் போய் ஒட்டிக்கொண்டு, பிடிக்கிற இடம் மட்டும் சொரசொரவென்று ஆகிவிடும். சுரண்டினால் இலை டிசைனும் சேர்ந்து வரும். மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி அப்படியே இருக்கிறது. இதற்குக் காரணம் வியர்வை இல்லை, கொசுக் கிரீம்!

சாயங்காலம் கண்மாய்க்கரையில் கிரீம் பூசாமல் நிற்க முடியாது என்று உங்களுக்கே தெரியும். நான் பூசுகிற கிரீமில் இருக்கிற டீட் என்ற மருந்து ஒரு நல்ல கரைப்பானும்கூட. கொசுவை விரட்டுகிற அதே சுறுசுறுப்போடு பெயிண்ட், வார்னிஷ், சில வகைப் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் இளக்கிவிடும். கிட்டோடு வந்த கிளியரோ டப்பா ஸ்ப்ரே. அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போனால் காய்ந்துவிடும், அதற்கு மேல் உள்ளே ஒன்றும் நடப்பதில்லை. திரும்ப ஒரு கரைப்பான் பட்டால் திரும்பவும் இளகும். காருக்கு அடிக்கிற டூ-கே கிளியரில் ஹார்டனர் கலக்கிறார்கள். அது வேதிவினையால் பின்னிப் பிணைந்து இறுகுகிறது. அதன்பின் கிரீம் பட்டாலும் பெட்ரோல் பட்டாலும் சீக்கிரத்தில் அசையாது.

பட்டறைப் பெயிண்டர் ட்ரைபாடை வாங்கி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காய்ஞ்சிருக்குண்ணே, ஆனா வேகல." அதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

கிட் விற்கிறவர்கள் பக்கம் நின்றும் பார்க்கிறேன். டூ-கே கிளியரின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமாவே வரலாம். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வீட்டு முற்றத்தில் அடிக்கிற சமாச்சாரமில்லை. அதை வீட்டு உபயோகக் கிட்டில் போடாமல் விட்டது சரிதான். அப்படியானால் அட்டையில் "நீண்டகாலப் பாதுகாப்பு" என்று எதற்குக் கொட்டை எழுத்தில் போட வேண்டும்? "கொசுக் கிரீம் படக்கூடாது" என்று ஒரு வரி போட்டிருந்தால் மை தீர்ந்துபோயிருக்குமா? காட்டுக்குள் போகிற சாமானுக்குத்தானே கேமோ அடிக்கிறார்கள், காட்டில் கொசு இருக்காதா?

போதாததற்கு "மேட்" என்று எழுதியிருந்த அந்தக் கிளியர் பாதி மினுமினுப்பு. பகல் பன்னிரண்டு மணிக்குக் காரைக்குடி வெயிலில் ட்ரைபாட் கால் டியூப்லைட் போட்ட மாதிரி தெரிந்தது. பட்டறையில் இப்போது அடித்திருக்கிற மேட் கிளியரில் அந்த மினுக்கு அறவே இல்லை. கிட்டுக்குக் கொடுத்த காசோடு பட்டறைக் கூலியையும் கூட்டிப் பார்த்தால்... பார்க்க வேண்டாம், விடுங்கள்.

இனி நல்லது சொல்ல வேண்டும். நிறையவே இருக்கிறது.

முக்கியமானது அடிநிறம். பிலிமில் இருக்கிற டிசைன் முழுக்க மை கிடையாது, இடையிடையே ஒளி ஊடுருவும். அந்த இடங்களில் அடியில் அடித்த பேஸ் கோட் தெரியும். கிட்டோடு வந்தது வெளிறிய மணல் நிறம். அதன்மேல் முக்கியெடுத்த பொருள் பார்ப்பதற்கு வெளிநாட்டுச் சாமான் போலவே இருந்தது. இருக்காதா பின்னே? இந்த வகை நிஜ இலை டிசைன்களைப் பிரபலமாக்கிய ரியல்ட்ரீ, மாஸி ஓக் இரண்டுமே 1986-ல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில், அங்குள்ள வேட்டைக்காரர்களுக்காகத் தொடங்கியவை. ஓக் இலையும் அங்கத்து மரப்பட்டையும்தான் அதில் இருக்கும். நம் பக்கம் ஓக்குக்கு எங்கே போவது? வேலிக்கருவையும் பனையும் செம்புறாங்கல்லும்தான்.

அதனால் லென்ஸ் ஹூடுக்குக் காவி கலந்த செம்மண் நிறத்தில் மங்கலான அக்ரிலிக் ஸ்ப்ரே அடித்து, அதன்மேல் அதே பிலிமை முக்கினேன். ஓக் இலை அப்படியே பின்னால் ஒதுங்கிவிட்டது. சருகு விழுந்த செம்மண் தரை போல வந்திருக்கிறது. கண்மாய்க்கரையில் கீழே வைத்தால் பொருத்தம் அவ்வளவு அழகு. கிட்டில் இல்லாத ஒரு சாதாரண ஸ்ப்ரே டப்பாவால் கிடைத்த சந்தோஷம் இது. இந்த ஒன்றுக்காகவே பிலிம் வாங்கலாம் என்று தோன்றும்.

அடுத்த வசதி, தண்ணீரைச் சூடாக்க வேண்டியதில்லை. பிலிமுக்கு 28-லிருந்து 32 டிகிரி வேண்டும். அது நம் ஊர் மாடித் தொட்டியில் காலையிலேயே குழாயைத் திறந்தால் வரும். சித்திரை வெயிலில் மதியத் தண்ணீரைப் பிடித்தால்தான் வம்பு, பிலிம் ஊறும் முன்பே கிழிந்து நூலாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வேறு தொல்லை: காற்றில் இருக்கிற ஈரத்தையே பிலிம் குடித்துவிட்டுச் சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

தொட்டிக்கு வீட்டு அண்டாவைக் கேட்டுவிடாதீர்கள், ஆச்சி சும்மா விடமாட்டார்கள், விடவும் கூடாது. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் அகலமான எனாமல் தொட்டி கிடைத்தால் வாங்குங்கள். பிளாஸ்டிக் டப்பில் மைக்கறை ஏறிப்போகும். எனாமலில் தின்னர் தொட்ட துணியால் ஒரு துடை துடைத்தால் போதும்.

முக்கி எடுத்ததும் மேலே ஒரு கொழகொழப்பு இருக்கும், கரைந்த பி.வி.ஏ. அது. துளி மிச்சமிருந்தாலும் பிற்பாடு கிளியருக்கு அடியில் வெள்ளை பூத்து உரியும். போர்வெல் தண்ணீரில் அலசினால் உப்புத்திட்டு நிற்கும், கடைசி அலசலுக்காவது கேன் தண்ணீர் எடுங்கள். அந்தக் கழிவை வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், ஊற்றாதீர்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வளவுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகிறபடிதான் கட்டியிருக்கிறார்கள். ஆக்டிவேட்டர் முழுக்கக் கரைப்பான். மேலே மிதக்கிற மையைச் செய்தித்தாளால் வழித்துக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். அடுப்பு, விளக்கு பக்கத்தில் வைத்துக்கொண்டு அடிப்பதையும் நினைத்துப் பார்க்காதீர்கள்.

ட்ரைபாடைப் பற்றி இன்னொன்று. வெளிக்குழாயை மட்டும்தான் முக்க முடியும். உள்ளே சறுக்குகிற குழாய்களில் பெயிண்ட், மை, கிளியர் என்று பூச்சு ஏறினால் அப்புறம் கால் நீளாது, மடங்காது. ஆக மேல்பாதி காடு, கீழ்ப்பாதி கறுப்பு. அதற்குப் பதில் துணியாலான கேமோ டேப் சுற்றிவிட்டாலே போதும், வேண்டாமென்றால் உரித்துக்கொள்ளலாம், கைக்கும் ஒட்டாது. மழையில் நனைந்தால் காய நேரமாகும், அவ்வளவுதான். இதை எழுதும்போதுதான் எரிச்சல் கூடுகிறது.

சரி, பறவைகள் ஏமாந்தனவா? வேட்டங்குடிக்கு இந்தச் சாமான்களைத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். 1977-ல் சரணாலயமான இடம், 38.4 ஹெக்டேர். கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடிகூட வெடிக்காமல் காத்துவருகிற பறவைகள். நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் மனிதர்களைக் கண்டு அவ்வளவாக மிரள்வதில்லை. அவை பார்ப்பது அசைவைத்தான். கேமோ அடித்த ட்ரைபாடைச் சட்டென்று நகர்த்தினால் பறக்கும், வெள்ளி நிற ட்ரைபாடை அசையாமல் வைத்தால் உட்கார்ந்திருக்கும். என் படங்கள் இதனால் மேம்பட்டன என்று சொன்னால் பொய். எடுத்துக்கொண்டு நடக்கும்போது பார்க்க நன்றாக இருக்கிறது, அது உண்மை.

நண்பர் ஹெல்மெட்டுக்கும் அடிக்கப் போவதாகச் சொல்கிறார். வேண்டாம். ஆக்டிவேட்டரிலும் ஸ்ப்ரேயிலும் இருக்கிற கரைப்பான் பாலிகார்பனேட், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஓடுகளைப் பலவீனமாக்கும். வெளியே தெரியாது, விழும்போதுதான் தெரியும். "ராணுவ டிசைன் பிலிம் கிடைக்குமா?" என்றும் கேட்டிருந்தார். 2022 ராணுவ தினத்தில் வெளிவந்த புதிய சீருடையின் டிசைனுக்கு ராணுவம் உரிமை பதிவு செய்து வைத்திருக்கிறது, அந்தப் பக்கமே போக வேண்டாம். அவருடைய மீன்பிடிப் பெட்டிக்கு இலை டிசைன் போதும். ஆனால் பெட்டி பாலிபுரோப்பிலீன் என்றால் பெயிண்டைப் பிடித்துவைக்க அதற்கென்று உள்ள அடெஷன் புரமோட்டர் அடிக்காமல் எந்தப் பெயிண்டும் நிற்காது. அடியில் பி.பி. என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

தீர்ப்பா? வாங்காதீர்கள். விலை இன்னும் பாதியாக இறங்கினாலும் வாங்காதீர்கள். என்னிடம் ஒரு துண்டு பிலிம் மிச்சம் இருக்கிறது, வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். வருவதென்றால் இந்த வாரமே வந்துவிடுங்கள் மாப்ள. பைனாகுலரின் தோல் உறையைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே உலோகம். காவிநிற ஸ்ப்ரே டப்பாவிலும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.