கிராக்கோவில் "உப்புச் சுரங்கம் + ஸ்பா" ஒருநாள் பயணம்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன ஜூன் மாதம் போலந்தின் கிராக்கோவில் எனக்கும் அம்மாவுக்கும் நடந்ததை எழுதுகிறேன். ஜெர்மனியில் இருக்கும் நம் ஆட்கள் பலர், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அப்படியே கிராக்கோவுக்கும் ஒரு நடை கூட்டிப்போகிறார்கள். அங்கே போகிற யாரும் வியலிச்கா உப்புச் சுரங்கத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. நீங்களும் கட்டாயம் பாருங்கள், சுரங்கத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கோபமெல்லாம் அதோடு "ஸ்பா ஓய்வு" என்ற இரண்டு வார்த்தையைச் சேர்த்து இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறவர்கள் மேல்தான்.

நான் லைப்சிக்கில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 66 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சொந்த ஊர் தூத்துக்குடி. தாத்தா உப்பளத்தில் வேலை பார்த்தவர். உப்பு வாரி வாரிப் பாதம் வெடித்து, ராத்திரி அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் பூமிக்கு அடியில் உப்பாலேயே ஒரு கோயில் இருக்கிறது என்று தெரிந்ததும் அம்மாவை அங்கே கூட்டிப்போயே ஆகவேண்டும் என்று தோன்றியது. நடந்து களைத்தபின் வெந்நீர்க் குளத்தில் கால் நீட்டி உட்கார்ந்தால் முழங்காலுக்கும் இதமாக இருக்குமே என்று தேடியபோது கண்ணில் பட்டதுதான் அந்த விளம்பரம்.

காலை 9 மணிக்கு ஹோட்டல் வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்வார்கள், உப்புச் சுரங்கம், பிறகு ஸ்பா, மாலை 5 மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். ஆளுக்கு 420 ஸ்லோட்டி (போலந்துப் பணம்). படத்தில் ஆவி பறக்கும் பெரிய குளம், பின்னால் பனி மூடிய மலை. கட்டுவதற்கு முன் வாட்ஸ்அப்பில் கேட்டேன்: "அம்மாவுக்கு முழங்கால் வலி, படி இறங்க முடியாது. சுரங்கத்தில் லிஃப்ட் உண்டா?" பத்து நிமிடத்தில் பதில் வந்தது. உண்டு, கவலை வேண்டாம். 840 ஸ்லோட்டியைக் கட்டினேன்.

அன்று வேன் வந்தபோது மணி 9:50. அப்புறமும் நேராகப் போகவில்லை, இன்னும் மூன்று ஹோட்டல்களைச் சுற்றியது. வியலிச்கா கிராக்கோவிலிருந்து ஏறக்குறைய 14 கிலோமீட்டர்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது 11 தாண்டிவிட்டது, எங்களுக்கான நேரம் போய்விட்டது. அங்கே தனியாக உள்ளே நடமாட முடியாது. சுரங்கத்தின் வழிகாட்டியோடு குழுவாகத்தான் இறங்க வேண்டும், ஒவ்வொரு மொழிக்கும் நேரம் குறித்திருக்கும். அடுத்த ஆங்கிலக் குழுவில் எங்களைச் சேர்த்துவிட்டு ஓட்டுநர் வேனுக்குப் போய்விட்டார். நிறுவனத்தின் ஆள் என்று வேறு யாரும் எங்களோடு வரவே இல்லை.

தானிவோவிச் சுரங்க வாயிலில்தான் விஷயம் தெரிந்தது. லிஃப்ட் மேலே ஏறுவதற்கு. கீழே இறங்குவது படியில். முதல் இறக்கம் மட்டும் சுமார் 380 மரப்படிகள், 64 மீட்டர் ஆழம். முழுப் பாதையையும் கூட்டினால் 800 படி வரும், நடை இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். நான் வழிகாட்டியிடம் அம்மாவின் நிலையைச் சொன்னேன். நல்ல பெண், உண்மையாகவே வருத்தப்பட்டார். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கென்று லிஃப்டில் இறங்கும் தனி ஏற்பாடே அங்கு இருக்கிறதாம். ஆனால் முன்கூட்டியே சொல்லிப் பதிவு செய்திருக்க வேண்டும். அதாவது, நான் கேட்ட அன்றே அந்த நிறுவனம் சுரங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் போதும். அதைச் செய்யாமல் "லிஃப்ட் உண்டு" என்று பாதி உண்மையைச் சொல்லிப் பணத்தை வாங்கிவிட்டார்கள். எனக்கு இன்றுவரை ஆறாதது இதுதான்.

திரும்பிவிடலாம் என்றேன். "இவ்வளவு தூரம் வந்துட்டு வாசல்ல இருந்து திரும்பவா?" என்று அம்மா கைப்பிடியைப் பிடித்துவிட்டார். ஏழு படி, ஒரு திருப்பம். மறுபடி ஏழு படி, ஒரு திருப்பம். இருபது திருப்பத்துக்குள் அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் வைத்து, இடதை அதன் பக்கத்தில் கொண்டுவந்து, அப்புறம் அடுத்த படி. நான் முன்னால் பின்பக்கமாகத் திரும்பி இறங்கினேன், விழுந்தால் என் மேல் விழட்டும் என்று. குழு கீழே காத்திருந்தது. அவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை, ஆனால் காத்திருக்க வைக்கிறோமே என்று அம்மா கூசிப்போனார். அந்தக் கூச்சத்தை அவருக்கு யார் கொடுத்தது?

கீழே பார்த்ததைச் சொல்லாமல் விட்டால் சுரங்கத்துக்கு நான் செய்யும் அநியாயம். 13ஆம் நூற்றாண்டிலிருந்து வெட்டிய சுரங்கம். வியாபாரத்துக்கு உப்பு வெட்டுவதை 1996இல்தான் நிறுத்தினார்கள். உலகப் பாரம்பரியப் பட்டியல் தொடங்கிய 1978ஆம் ஆண்டிலேயே இடம்பிடித்தது. நம் அளத்து உப்பு மாதிரி வெள்ளையாக இருக்காது, சுவரெல்லாம் கருங்கல்லைப் போலச் சாம்பல் நிறம். ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வற்றிப்போன கடலின் உப்பு அது. 101 மீட்டர் ஆழத்தில் புனித கிங்கா தேவாலயம். 54 மீட்டர் நீளம். தரையில் ஓடு பதித்ததுபோல் தெரிகிறது, அது உப்பைச் செதுக்கியது. பலிபீடம் உப்பு, சிலைகள் உப்பு, தொங்கும் சரவிளக்குகளில் மின்னுவதும் உப்புப் படிகம். 1896இல் தொடங்கி சுமார் எழுபது ஆண்டுகள், யூசெஃப், தோமாஷ் மார்கோவ்ஸ்கி என்ற அண்ணன் தம்பியும் அந்தோனி விரோதெக் என்பவரும் செதுக்கினார்கள். மூவருமே சுரங்கத் தொழிலாளர்கள்.

"ஏட்டி, இது பூராவும் உப்பா?" என்று அம்மா கேட்டார். சுவரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. தாத்தா நினைவு வந்திருக்கும். நான் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து என் கைபேசியில் ஓட்டுநரின் செய்தி. வேன் 2:45க்குக் கிளம்பும், அதற்குள் வராவிட்டால் ஸ்பா நேரம் போய்விடும். சுற்றுப்பாதை முடிந்தபின் அங்கேயே ஓர் அருங்காட்சியகப் பகுதி இருக்கிறது. பழைய கருவிகள், குதிரைகளைக் கட்டிச் சுற்றவிட்டு உப்பை மேலே இழுத்த பிரம்மாண்டமான மரப் பொறிகள். அம்மா எதைப் பார்க்க ஆசைப்படுவாரோ அதுவே. விட்டுவிட்டு லிஃப்ட் வரிசைக்கு ஓடினோம். ஓடினோம் என்று எழுதுகிறேன், அம்மாவால் நடக்கவே முடியவில்லை.

இனி ஸ்பா. வேன் மலைப்பக்கம் போகவில்லை, கிராக்கோவுக்கே திரும்பியது. ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் அடித்தளம். சுவரில் உப்புக் கட்டிகளை ஒட்டி, தரையில் உப்பைக் கொட்டி, வண்ண விளக்கு போட்டு, சாய்வு நாற்காலிகள் வைத்த ஒரு அறை. போலந்தில் இந்த மாதிரி உப்பு அறைகள் ஊருக்கு ஊர் உண்டு, அதில் தப்பில்லை. ஆனால் அது குளம் இல்லை, வெந்நீர் இல்லை, ஸ்பா என்றால் நாம் நினைக்கும் எதுவும் இல்லை. அசல் உப்புச் சுரங்கத்தின் காற்றிலிருந்து எங்களை அவசரப்படுத்திக் கிளப்பிக் கொண்டுவந்து, செயற்கையான உப்பு அறையில் 45 நிமிடம் உட்கார வைத்தார்கள். வாசலில் விலைப்பலகை இருந்தது. ஒரு ஆளுக்கு 40 ஸ்லோட்டி.

குளம் எங்கே என்று கேட்டதற்கு வரவேற்பில் இருந்த பெண் விழித்தார். அவருக்கு அந்தப் படம் பற்றியே தெரியவில்லை. அம்மாவின் கால் வீங்கத் தொடங்கியிருந்ததால் கால் மசாஜ் கேட்டேன். அது தொகுப்பில் சேராது, 180 ஸ்லோட்டி. சரி என்றேன். அட்டையை வைத்ததும் கருவியில் ஸ்லோட்டியா, யூரோவா என்று கேட்டது. நான் பார்ப்பதற்குள் அவரே யூரோவை அழுத்திவிட்டார். அப்படி அழுத்தினால் மாற்று விகிதத்தை நம் வங்கி வைக்காது, அந்தக் கருவியின் பின்னால் இருக்கும் நிறுவனம் தன் லாபத்தைச் சேர்த்து வைக்கும். 42 யூரோவை ஒட்டி வந்திருக்க வேண்டியது 47 ஆனது. வெளிநாட்டில் எந்தக் கருவி கேட்டாலும் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், பொத்தானை நீங்களே அழுத்துங்கள். வெளியே வந்தால் வேன் இல்லை. "மாலை 5க்குக் கொண்டுவந்து விடுவோம்" என்றது என்ன ஆயிற்று என்று கேட்டேன், "நகரத்துக்குள்தானே இருக்கிறீர்கள்" என்று பதில் வந்தது. டாக்சி பிடித்தோம்.

அன்றிரவு உட்கார்ந்து நான் முன்பே பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன். அந்தப் படத்தில் இருப்பது போன்ற வெந்நீர்க் குளங்கள் உண்மையாகவே இருக்கின்றன. ஆனால் அவை தாத்ரா மலையடிவாரத்தில், சகோபனே, ஹொஹோவூவ், புகோவினா பக்கம், கிராக்கோவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். சுரங்கத்துக்கு மூன்று மணி நேரம். காலை 9க்குக் கிளம்பி மாலை 5க்குத் திரும்பும் பயணத்தில் குளத்தில் இறங்க நேரம் எங்கே மிச்சம்? விளம்பரத்தில் ஸ்பா எந்த ஊரில், எந்தத் தெருவில் என்று ஒரு வரி இல்லை. அந்த வரி இல்லாத எதற்கும் பணம் கட்டாதீர்கள். அதேபோல் லிஃப்ட் பற்றிக் கேட்பதானால் "இறங்கவா, ஏறவா?" என்று பிரித்துக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அதைவிட நல்லது, சுரங்கத்துக்கே நேராக எழுதிக் கேட்பது.

மறுநாள் முழுக்க அம்மா படுக்கையில். அதற்கடுத்த நாள் வீக்கம் கொஞ்சம் வடிந்ததும், "அந்த ஊரை இன்னொரு தடவை பார்ப்போமா?" என்றார். இந்த முறை கிராக்கோவின் மத்திய நிலையத்தில் ரயில் ஏறினோம். வியலிச்கா ரினெக் கொபால்னியா, கடைசி நிறுத்தம். அரை மணி நேரம் கூட ஆகவில்லை, டிக்கெட் சில ஸ்லோட்டிகள். இறங்கினால் சுரங்கம் நடக்கும் தூரம். இதற்குத்தான் வேனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றினோம்.

சுரங்கத்துக்கு மேலே பூங்காவில் ஒரு உப்புநீர்க் கோபுரம் இருக்கிறது. முள்செடிக் குச்சிகளை உயரமாகச் சுவர்போல் அடுக்கி, மேலிருந்து உப்புநீரைச் சொட்டவிடுகிறார்கள். அது குச்சிகளில் தெறித்து, பக்கத்தில் இருக்கும் காற்றெல்லாம் கடற்கரைக் காற்றாகிவிடுகிறது. அந்த ஊரில் உப்புநீர் வைத்தியம் புதிதில்லை, 1839இலேயே ஃபெலிக்ஸ் போச்கோவ்ஸ்கி என்ற மருத்துவர் அங்கே உப்புநீர்க் குளியல் நடத்தியிருக்கிறார். இன்றும் 135 மீட்டர் ஆழத்தில் மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்குச் சிகிச்சை நடக்கிறது, அதற்குத் தனியாக முன்பதிவு. அம்மா பெஞ்சில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். உதட்டை நனைத்துப் பார்த்து, "முத்துநகர் பீச்சுல உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றார். எங்கள் பயணத்தில் கிடைத்த ஸ்பா அதுதான்.

புகார் கதையையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். நிறுவனம் எடுத்த எடுப்பில் மறுத்தது. விதிமுறைகளின் கடைசியில், "ஸ்பா என்பது உப்பு அறை ஓய்வைக் குறிக்கும்" என்று போலிஷ் மொழியில் ஒரு வரி இருந்ததாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தொகுப்புச் சுற்றுலாவுக்கு வலுவான பாதுகாப்புச் சட்டம் உண்டு, ஆனால் 24 மணி நேரத்துக்குக் குறைந்த, இரவுத் தங்கல் இல்லாத பயணம் அதில் வராது. இணையத்தில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யும் உரிமையும், தேதி குறித்த இந்த மாதிரிப் பொழுதுபோக்குச் சேவைகளுக்குக் கிடையாது. ஒருநாள் பயணம் விற்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் நான் அட்டை கொடுத்த வங்கிக்குப் போனேன். சொன்ன சேவையைத் தரவில்லை என்று எழுதி, விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, லிஃப்ட் பற்றிய வாட்ஸ்அப் பதில், உப்பு அறையின் விலைப்பலகைப் படம், டாக்சி ரசீது எல்லாம் இணைத்தேன். ஏழு வாரம் இழுத்து 840இல் 420 திரும்ப வந்தது. திரைப்பிடிப்பை நான் கட்டிய அன்றே எடுத்து வைத்திருந்ததால்தான் அதுவும். போலந்திலேயே வசிப்பவர்கள் நகராட்சி நுகர்வோர் அதிகாரியிடம் போகலாம், கட்டணம் இல்லை.

போன வாரம் மறுபடி தேடிப் பார்த்தேன். அந்த விளம்பரம் இன்னும் இருக்கிறது. "ஸ்பா" போய் "வெல்னஸ்" வந்திருக்கிறது, விலை 30 ஸ்லோட்டி கூடியிருக்கிறது, படம் மட்டும் மாறவில்லை. ஆவி பறக்கும் குளம், இடது ஓரத்தில் மடக்கிய சிவப்புக் குடை, பின்னால் பனி மலை. அந்தப் படத்தை எங்கே பார்த்தாலும் அது கிராக்கோவில் இல்லை.